ஜர்னலுக்குப் பேப்பர் அனுப்பும்போது வடிவத்தில் நேரும் தவறுகள்

ஜர்னலின் வழிமுறைப் பக்கத்தைப் பலரும் ஆய்வுப் பேப்பர் எழுதி முடித்த பிறகுதான் திறக்கிறார்கள். அப்புறம் எழுத்துரு, வரி இடைவெளி, ரெஃபரன்ஸ் எண்ணுக்கு எந்த அடைப்புக்குறி என்று பார்ப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. இவற்றில் பெரும்பாலானவற்றைப் பேப்பர் ஏற்கப்பட்ட பிறகும் சரிசெய்யலாம். எல்செவியர் பதிப்பகத்தின் பல இதழ்கள், முதல் முறை அனுப்பும்போது ரெஃபரன்ஸ் எந்தப் பாணியில் இருந்தாலும் சரி, சீராக இருந்தால் போதும் என்றே சொல்கின்றன. நம் கவனம் முதலில் போக வேண்டியது, முடிவின் பொருளையே மாற்றிவிடும் வடிவப் பிழைகளுக்குத்தான்.

அலகுகளை எடுத்துக்கொள்வோம். மைக்ரோகிராம் என்று குறிக்க மியூ (µ) எழுத்து வேண்டும். சிம்பல் எழுத்துருவுக்கு மாறி 'எம்' விசையை அழுத்தினால் திரையில் மியூ தெரியும். ஆனால் அது அந்த எழுத்துரு இருக்கும்வரைதான் மியூ. கோப்பு இன்னொரு மென்பொருளுக்குள் போய் எழுத்துரு கழன்றால் அதே இடத்தில் 'எம்' நிற்கலாம். மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிடும், மருந்தளவு ஆயிரம் மடங்கு ஏறிவிடும். எனவே யூனிகோட் மியூவையே செருகுங்கள். கெல்வினுக்குப் பாகைக்குறி போடக் கூடாது. எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும். நம் ஊர் வழக்கப்படி 1,00,000 என்று காற்புள்ளி வைத்தால் பேப்பரை மதிப்பிடும் வெளிநாட்டு ரெவ்யூவருக்கு அது தட்டச்சுப் பிழையாகவே படும். சர்வதேச இதழுக்கு 100,000 என்று எழுதுங்கள்.

உயிரியல் மாணவர்களுக்கு எக்செல் பெரிய ஆபத்து. செப்ட்2, மார்ச்1 என்ற மரபணுக் குறியீடுகளை அது தேதியாக மாற்றிவிடும். 2016இல் ஜீனோம் பயாலஜி இதழில் வந்த ஆய்வு, எக்செல் மரபணுப் பட்டியலை இணைப்பாகத் தந்த பேப்பர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்த வகைப் பிழை இருப்பதைக் காட்டியது. கடைசியில் 2020இல், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே செப்ட்2 என்பதை செப்டின்2 என்று மாற்ற வேண்டியதாயிற்று. பிற உயிரினங்களின் தரவிலும் பழைய பட்டியல்களிலும் அந்தப் பெயர்கள் இன்னும் இருக்கின்றன. தரவை ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று அமைத்துவிடுங்கள்.

புள்ளியியல் மென்பொருள் தரும் 'பி = 0.000' என்பதை அப்படியே எடுத்துப் போடுவதும் தவறு. பி என்பது ஒரு நிகழ்தகவு. அது மிகச் சிறியதாகலாமே தவிர, பூச்சியம் ஆவதில்லை. 0.001க்குக் குறைவு என்று எழுதுங்கள். பிழைக்கோடு காட்டுவது திட்ட விலக்கத்தையா திட்டப் பிழையையா என்று படக்குறிப்பில் சொல்லாவிட்டால் அந்த வரைபடத்தை யாராலும் படிக்க முடியாது.

படங்களுக்குப் பொதுவாக 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கேட்பார்கள். வேர்டில் ஒட்டிய படத்தைத் திரும்ப எடுத்து அனுப்பாதீர்கள். சேமிக்கும்போது வேர்ட் தானாகவே படத்தைச் சுருக்கிவிடும். பிறகு எண்ணை மட்டும் 300 என்று மாற்றினால் போன விவரம் திரும்பாது. மூலக் கோப்பிலிருந்தே டிஃப் வகைப் படக் கோப்பாக எடுங்கள். இன்னொன்று இதைவிட முக்கியம். ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி 2002இலேயே, ஏற்கப்பட்ட பேப்பர்களின் படங்களில் கைவைத்திருக்கிறார்களா என்று தனியாகச் சோதிக்கத் தொடங்கியது. வெளிச்சத்தைக் கூட்டுவதானால் படம் முழுவதற்கும் ஒரே அளவில் கூட்டலாம். புரதத்தையோ டிஎன்ஏவையோ பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல் படத்தில் ஒரு பட்டையை மட்டும் துலக்கினாலோ அழித்தாலோ அது மோசடிக் கணக்கில் சேரும். இரண்டு ஜெல்களின் துண்டுகளை ஒட்டினால் நடுவே கோடு போட்டு, படக்குறிப்பிலும் சொல்ல வேண்டும். 'அழகுக்காகத்தான் செய்தேன்' என்ற விளக்கத்தை எந்த ஆசிரியர் குழுவும் ஏற்காது.

நம் பெயர்முறைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. செல்வராஜின் மகன் முருகன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பேப்பரில் 'எஸ். முருகன்', இன்னொன்றில் 'முருகன் செல்வராஜ்'. குடும்பப்பெயர் கேட்கும் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டால், மருத்துவப் பேப்பர்களைத் தேடும் பப்மெட் தளம் அவரை 'செல்வராஜ் எம்' என்று காட்டும். ஒரே ஆள் இரண்டு ஆளாகி, மேற்கோள் எண்ணிக்கையும் பிரிந்துவிடும். முதல் பேப்பருக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவுசெய்து கடைசிவரை அதையே பயன்படுத்துங்கள். ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண் இலவசம், அதையும் வாங்கிவிடுங்கள். இதைத் தள்ளிப்போடுவதால் இளம் ஆய்வாளர்களின் உழைப்பு கணக்கில் வராமல் போவது எனக்குப் பெரிய வருத்தம்.

எழுதியவரும் ரெவ்யூவரும் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாத இரட்டை மறைவு மதிப்பீடு செய்யும் இதழ் என்றால் கோப்பின் பண்புகளிலும் நன்றியுரையிலும் உங்கள் பெயர் இருக்கக் கூடாது. 'எங்கள் முந்தைய ஆய்வில்' என்ற தொடரும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாவற்றையும் பதிவேற்றியதும் பல தளங்கள் ஒரு பிடிஎஃப் தயாரித்து உங்கள் ஒப்புதலைக் கேட்கும். திறந்து பார்க்காமலே ஒப்புதல் தருபவர்கள் நிறைய. ரெவ்யூவர் கைக்குப் போவது அந்தக் கோப்புதான். மியூ மியூவாகவே இருக்கிறதா, சமன்பாடுகள் உடையாமல் வந்திருக்கின்றனவா, படங்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று பக்கம் பக்கமாகப் பார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள்.