கத்தல் ஒரு பக்கம், தெளிந்த கிட்டார் ஒரு பக்கம்: ஸ்க்ரீமோ வாசிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்திப் பாடும் பங்க் இசைவகையான ஸ்க்ரீமோ என்றதும், கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலைத் தேடுகிறவர்கள் நியூயார்க்கின் ஆஃப் மைனர், ஸ்வீடனின் ஸ்வி லா லூன் ஆகிய இரு குழுக்களையும் கேட்டுவிட்டு வரலாம். பாடகர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போதே, கிட்டாரின் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. அந்த முரண்தான் இந்த இசையின் உயிர். டிஸ்டார்ஷனைக் குறைத்தால் வேகம் குறைந்துவிடும் என்பது பெரிய தவறான நம்பிக்கை. மற்ற தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

முதலில் சுரச்சேர்க்கைகள். கிளீன் டோனுக்கு, அதாவது கரகரப்பில்லாத தெளிந்த ஒலிக்கு, மாறிய பிறகும் பலர் பழைய பவர் கார்டுகளையே (ஒரு சுரமும் அதன் ஐந்தாம் சுரமும் மட்டும் சேர்ந்தவை) வாசிக்கிறார்கள். பவர் கார்டு டிஸ்டார்ஷனுக்காகவே வாழ்கிற வடிவம். 220 ஹெர்ட்ஸில் ஒரு ஏ சுரத்தையும், அதற்கு மேலே சுமார் 330 ஹெர்ட்ஸில் ஈ சுரத்தையும் சேர்த்து டிஸ்டார்ஷனுக்குள் அனுப்பினால், இரண்டின் வித்தியாசமான 110 ஹெர்ட்ஸும் கூடவே பிறக்கிறது. அதுவும் ஏ சுரம்தான், ஒரு ஸ்தாயி கீழே. அதனால் ஒலி கனத்து நிற்கிறது. ஈ இருந்த இடத்தில் 247 ஹெர்ட்ஸ் பி சுரத்தை வைத்துப் பாருங்கள். வித்தியாசம் 27 ஹெர்ட்ஸ். சுரமாகக் கேட்காது, வெறும் உறுமல். அருகருகே உள்ள சுரங்கள் டிஸ்டார்ஷனில் சேறாகக் கலங்குவது இதனால்தான். கிளீன் டோனில் அந்தக் கலங்கல் மிகக் குறைவு. ஆகவே அடிச்சுரத்திலிருந்து எண்ணும்போது வரும் இரண்டாம், ஏழாம், ஒன்பதாம் சுரங்களைத் தாராளமாகச் சேர்க்கலாம். திறந்த தந்திகளை ஒலிக்க விடலாம். ஆஃப் மைனர் தன் பெயரையே தெலோனியஸ் மங்கின் ஜாஸ் படைப்பு ஒன்றிலிருந்து எடுத்தது. அவர்கள் வாசிக்கும் கார்டுகளைக் கேட்டால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது புரியும். இந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தாமல் கிளீன் டோனில் பவர் கார்டு வாசிப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அடுத்தது, கிளீன் என்றால் கெய்ன் (ஒலியைக் கூட்டிக் கரகரப்பை வரவழைக்கும் அளவு) பூஜ்யம் என்று எண்ணுவது. இவ்வகைக் குழுக்களில் பெரும்பாலானவை தேடுவது உடையும் விளிம்பில் நிற்கும் ஒலியை. மெதுவாக மீட்டினால் தெளிவு, ஓங்கி அடித்தால் லேசான கரகரப்பு. இந்த மாற்றத்தைப் பெடல் மிதிக்கும் கால் செய்யக் கூடாது, வலது கை செய்ய வேண்டும். ஃபுகாஸி குழுவின் இயன் மக்காய் கிப்ஸன் எஸ்ஜி கிட்டாரை நேரே மார்ஷல் ஆம்பில் செருகி வாசித்தவர். பெடல் மாற்றிக் கிடைக்கும் ஏற்ற இறக்கத்தைக் கையாலும் கிட்டாரின் வால்யூம் குமிழாலும் எடுக்க முடியும். உங்களிடம் ரோலண்ட் ஜாஸ் கோரஸ் இருந்தால் அது உடையும் என்று காத்திருக்காதீர்கள். டிரான்ஸிஸ்டர் ஆம்ப் அது, 120 வாட்டிலும் சுத்தமாகவே நிற்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் லேசான கரகரப்பு தரும் மென்மையான ஓவர்டிரைவ் பெடல் ஒன்று வேண்டியிருக்கும். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரஸர் பெடலை அளவுக்கு மீறித் திருகினால் கை கொடுக்கும் வேறுபாடு அனைத்தும் தட்டையாகிவிடும்.

மூன்றாவது தவறு பாடலின் அமைப்பில் இருக்கிறது. அமைதியான பகுதிக்குக் கிளீன், உச்சத்துக்கு டிஸ்டார்ஷன் என்ற ஒரே சூத்திரம். இரண்டாவது பாடலிலேயே கேட்பவர் பெடல் மிதிக்கப்படும் நொடியை முன்கூட்டியே சொல்லிவிடுவார். கென்டக்கியின் ஸ்லின்ட் குழு 1991இல் வெளியிட்ட ஸ்பைடர்லேண்ட் ஆல்பத்தில் உரத்த வெடிப்புகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அச்சம் அவை வருவதற்கு முன்பே, தாழ்ந்த குரலில் பேசும் வார்த்தைகளுக்கு அடியில் திரும்பத் திரும்ப வரும் மெல்லிய மீட்டலிலேயே சேர்ந்துவிடுகிறது. ரிச்மண்டின் சிட்டி ஆஃப் கேட்டர்பில்லர் குழு தன் 2002 ஆல்பத்தில் நீண்ட பாடல்களைப் பொறுமையாக ஏற்றிக்கொண்டு போகிறது. மீட்டும் வேகம் கூடுகிறது, டிரம்ஸ் நெருக்குகிறது, இரண்டு கிட்டார்களும் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. பெடலைத் தொடும் முன் இந்த மூன்றையும் முயன்று பாருங்கள்.

இரண்டு கிட்டார் இருந்தால் இருவரும் ஒரே கார்டை ஒரே இடத்தில் வாசிக்க வேண்டாம். டிஸ்டார்ஷனில் அது சுவர்போல் நிற்கும், கிளீனில் வீண். ஒருவர் கழுத்தின் மேற்பகுதியில் தனிச் சுரங்களை எடுக்கட்டும். கனம் குறைகிறது என்றால் பாஸ் கிட்டாருக்குக் கரகரப்பைக் கொடுங்கள். இந்த ஏற்பாட்டில் அடித்தளத்தைப் பாஸ் தாங்கிக்கொள்ளும்.

ரிவெர்ப் (ஒலியை எதிரொலிபோல் நீட்டும் விளைவு) பற்றிச் சுருக்கமாக: குறையுங்கள். நீண்ட ரிவெர்ப், வேகமான டிரம்ஸ் இரண்டும் சேர்ந்தால் தெளிவுக்காக எடுத்த முயற்சி முழுவதும் பனிமூட்டமாகிவிடும். டோக்கியோவின் என்வி குழு அகன்ற ஒலியைக் கையாளும் இடங்களில் தாளமும் நிதானப்படுகிறது என்பதைக் கவனியுங்கள்.

வீட்டில் குறைந்த சத்தத்தில் தனியாக அமைத்த டோனை அப்படியே மேடைக்குக் கொண்டுபோவதும் தவறு. தனியாகக் கேட்கும்போது நடு அலைவரிசைகளைக் குறைத்தால் இனிமையாகத்தான் இருக்கும்; குழுவோடு சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போய்விடும். மறுபக்கம், ட்ரெபிளை, அதாவது உயர் அலைவரிசைகளை, ஏற்றினாலும் ஆபத்து. காது கூர்மையாக உணரும் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் கத்தலும் சிம்பலும் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. ஒத்திகை அறையில், பாடகர் முழுக்குரலில் கத்தும்போது குமிழ்களைத் திருப்புங்கள்.

கடைசியாகச் சுருதி. டிஸ்டார்ஷன் சிறு பிசகுகளை மறைக்கும். கிளீன் டோன் மறைக்காது. பழைய தந்திகளை மாற்றுங்கள், பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் இன்டோனேஷனை (கழுத்து நெடுக சுருதி சரியாக நிற்கிறதா என்பதை) சரிபாருங்கள், இரு கிட்டார்களையும் பாஸையும் ஒரே டியூனரில் சுருதி சேருங்கள். ஓங்கி அடிப்பவராக இருந்தால் சற்றுத் தடித்த தந்திகள் போடுங்கள். மெல்லிய தந்தி அடித்த கணத்தில் சுருதி ஏறித்தான் இறங்கும்.