நார்வே வரலாற்றைப் படிக்கத் தொடங்குவோருக்கு: 1814-இல் ஆரம்பியுங்கள்

நார்வே என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 2002 பிப்ரவரியில் கையெழுத்தான இலங்கைப் போர்நிறுத்த உடன்பாடும், இரு தரப்புக்கும் நடுவில் நின்று பேசிய எரிக் சொல்ஹெய்மும்தான். அடுத்து, ஓஸ்லோவில் வழங்கப்படும் அமைதிக்கான நோபல் பரிசு. அதற்கு மேல் தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்கள் வழக்கமாக வைக்கிங் காலத்திலிருந்து படிக்க ஆரம்பிக்கிறார்கள். வரிசையாக ஓலவ்களும் ஹரால்டுகளும் வந்ததும், யார் யாருக்கு மகன் என்ற குழப்பத்திலேயே படிப்பு நின்றுவிடுகிறது.

நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் 1814-ஐப் படியுங்கள். பிறகு 1905. அதற்குப் பிறகு வைக்கிங்குகளிடம் போனால், அந்தப் பழைய பெயர்கள் ஏன் முக்கியம் என்பது புரிந்திருக்கும். வழிநெடுக ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே வாருங்கள்: இந்த ஆண்டில் நார்வேயின் அரசர் எந்த ஊரில் இருந்தார்? நான்கு நூற்றாண்டுக்கு மேல் அதிகாரம் டென்மார்க் பக்கம், அதிலும் பெரும்பகுதி கோபன்ஹேகனில். அடுத்த தொண்ணூறு ஆண்டுகள் ஸ்டாக்ஹோமில். நார்வேக்காரர்கள் போற்றும் மனிதர்களில் பலரும், கொண்டாடும் நாட்களில் பலவும், அரசர் தங்கள் மண்ணில் இல்லையே என்ற ஏக்கத்திலிருந்து வந்தவை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு நோட்டு, இரண்டு நிறப் பேனா, வட ஐரோப்பாவின் வரைபடம் ஒன்று. இவ்வளவு போதும்.

படி 1: வரைபடத்தில் ஐந்து ஊர்கள்

ஓஸ்லோ, பெர்கன், ட்ரொன்ஹெய்ம், எய்ட்ஸ்வோல், ட்ரோபாக். இந்த ஐந்தையும் வட்டமிடுங்கள். கடைசி இரண்டும் சிறிய ஊர்கள், ஆனால் கதையின் இரண்டு பெரிய நாட்கள் அங்கேதான் நடக்கின்றன.

ஊர்ப் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. ட்ரொன்ஹெய்ம் பழைய நூல்களில் நிடாரோஸ் என்று வரும். ஓஸ்லோ 1624-இல் தீக்கிரையானபோது, அரசர் நான்காம் கிறிஸ்டியன் அகெர்ஷூஸ் கோட்டையை ஒட்டி நகரைப் புதிதாக எழுப்பி, கிறிஸ்டியானியா என்று தன் பெயரையே வைத்தார். 1925-இல்தான் ஓஸ்லோ என்ற பெயர் திரும்பியது. ஆகவே 1814, 1905 பற்றிப் படிக்கும்போது கிறிஸ்டியானியா என்று கண்டால் ஓஸ்லோ என்று எடுத்துக்கொள்ளுங்கள். தரங்கம்பாடிக்குப் போயிருப்பவர்களுக்கு இந்த அரசர் புதியவர் அல்ல. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரின் இசைவோடு அங்கே டேனிஷ் கோட்டை எழுந்தது இவர் ஆட்சியில்தான். அப்போது டென்மார்க்குக்கும் நார்வேக்கும் இவரே அரசர்.

படி 2: காலக்கோடு

நோட்டின் நடுவில் நீளமாக ஒரு கோடு போட்டு, 1380, 1814, 1905, 1940, 1945 என்று குறியுங்கள். 1380-இல் நார்வேயின் அரியணை டென்மார்க் அரசரிடம் போனது. 1397-இல் சுவீடனும் சேர்ந்து கால்மர் ஒன்றியம் ஆனது. சுவீடன் பின்னர் பிரிந்துபோக, நார்வே டென்மார்க்கோடு தங்கிவிட்டது.

அதற்கு முன்னால் 1349 என்றும் ஒரு புள்ளி வையுங்கள். அந்த ஆண்டு கொள்ளைநோய் பெர்கன் துறைமுகம் வழியாக வந்தது. மக்களில் பாதிப் பேரோ அதற்கு மேலோ மாண்டார்கள். பண்ணைகள் ஆளின்றிக் கிடந்தன, வரி வரவில்லை, பிரபுக்களின் குடும்பங்கள் நொடித்துப்போயின. ஒரு நாடு ஏன் சண்டையே இல்லாமல் அடுத்த நாட்டின் நிழலுக்குள் போனது என்று கேட்டால், பதிலின் பெரும்பகுதி இங்கே இருக்கிறது.

படி 3: 1814-ஐ மாதம் மாதமாகப் படியுங்கள்

அவசரப்படாதீர்கள். இந்த ஓர் ஆண்டுக்கு நோட்டில் இரண்டு முழுப் பக்கம் ஒதுக்குங்கள்.

ஜனவரி 14: நெப்போலியன் பக்கம் நின்று தோற்ற டென்மார்க், கீல் உடன்படிக்கையில் நார்வேயைச் சுவீடன் அரசருக்கு விட்டுக்கொடுக்கிறது. நார்வே மக்களை யாரும் கேட்கவில்லை. நார்வேயின் பழைய உடைமைகளான ஐஸ்லாந்து, கிரீன்லாந்து, ஃபாரோ தீவுகள் மட்டும் டென்மார்க்கிடமே தங்கின.

ஏப்ரல் 10: டேனிஷ் இளவரசரும் நார்வேயின் ஆளுநருமான கிறிஸ்டியன் பிரெடரிக் கூட்டிய அவை, எய்ட்ஸ்வோலில் ஒரு வணிகரின் மாளிகையில் தொடங்குகிறது. 112 பிரதிநிதிகள்: அதிகாரிகள், படையினர், விவசாயிகள். வடக்கு நார்வேயிலிருந்து ஒருவரும் இல்லை, ஏனென்றால் அவ்வளவு தூரத்திலிருந்து தேர்தல் நடத்தி ஆள் அனுப்ப நாள் போதவில்லை. இதை அடிக்கோடிட்டு வையுங்கள், கடைசிப் படியில் வேண்டியிருக்கும்.

மே 17: அரசியலமைப்பு தயார். அதே நாளில் கிறிஸ்டியன் பிரெடரிக்கை அரசராகவும் தேர்ந்தெடுத்தார்கள். வரைவில் முதன்மைப் பங்கு கிறிஸ்டியன் மக்னூஸ் ஃபால்சனுடையது.

பிறகு கோடையில் சுவீடன் படையெடுத்து வர, குறுகிய போர். ஆகஸ்ட் 14-இல் மோஸ் நகரில் உடன்பாடு. கிறிஸ்டியன் பிரெடரிக் அரியணையை விட்டு விலகினார். நவம்பர் 4-இல் சுவீடன் அரசரையே நார்வேயின் அரசராக ஏற்றுக்கொண்டார்கள். தோல்விதானே என்று தோன்றும். ஆனால் மே மாத அரசியலமைப்பைத் திருத்தங்களோடு சுவீடன் ஒப்புக்கொண்டது. ஸ்டோர்ட்டிங் என்ற நாடாளுமன்றம் நிலைத்தது. அந்த அரசியலமைப்பு இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. மே 17 அன்று அங்கே பள்ளிப் பிள்ளைகள் கொடி பிடித்து ஊர்வலம் போவது இதற்காகத்தான்.

ஒன்றை விடாமல் எழுதுங்கள்: அதே அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவு யூதர்கள் நாட்டுக்குள் வரத் தடை விதித்தது. கவிஞர் ஹென்ரிக் வெர்கலான் அதை நீக்கப் போராடி, பலன் காணாமலே 1845-இல் இறந்தார். 1851-இல்தான் தடை நீங்கியது. ஒரு நாட்டின் பெருமைக்குரிய ஆவணத்தைப் படிக்கிறவர் இந்த வரியைத் தாண்டிப் போகக் கூடாது.

படி 4: 1905-உம் அரசரின் எண்ணும்

நார்வேயிடம் பெரிய வணிகக் கப்பற்படை இருந்தது. வெளிநாட்டுத் துறைமுகங்களில் தன் மாலுமிகளைக் கவனிக்கத் தனித் தூதரக அதிகாரிகள் வேண்டும் என்று ஸ்டோர்ட்டிங் சட்டம் போட்டது. அரசர் இரண்டாம் ஆஸ்கர் மறுத்தார். கிறிஸ்டியன் மிக்கெல்சனின் அமைச்சரவை பதவி விலகியது. வேறொரு அமைச்சரவை அமைக்க அரசருக்கு ஆள் கிடைக்கவில்லை.

ஜூன் 7-இல் ஸ்டோர்ட்டிங் நிறைவேற்றிய தீர்மானத்தின் அமைப்பைக் கவனியுங்கள். அரசரால் நாட்டுக்கு அமைச்சரவை தர இயலவில்லை, எனவே அவருடைய அரசதிகாரம் செயலிழந்தது, அதன் விளைவாக சுவீடனுடனான ஒன்றியமும் முடிந்தது என்று போகிறது. பிரிகிறோம் என்ற செய்தி ஒரு துணை வாக்கியத்தில் அடங்கிவிட்டது. இவ்வளவு பெரிய முடிவை இவ்வளவு தணிந்த குரலில் எழுதிய ஆவணங்கள் அரிது.

ஆகஸ்ட் 13 வாக்கெடுப்பில் பிரிவினைக்கு ஆதரவாக 3,68,208 பேர், எதிராக 184 பேர். வாக்குரிமை ஆண்களுக்கு மட்டும். பெண்கள் சும்மா இருக்கவில்லை. ஃப்ரெட்ரிக்கே மாரி க்வாம் தலைமையிலான வாக்குரிமைச் சங்கத்தினர் ஊர் ஊராகப் போய், பிரிவினைக்கு ஆதரவாக 2,40,000-க்கும் அதிகமான பெண்களின் கையெழுத்துகளைத் திரட்டினார்கள். 1913-இல் நாடாளுமன்றத் தேர்தலில் எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை வந்தது.

புதிய அரசராக டென்மார்க்கின் இளவரசர் கார்ல் வந்தார். ஏழாம் ஹோக்கோன் என்று பெயர் சூட்டிக்கொண்டார். ஆறாம் ஹோக்கோன் எப்போது இறந்தார் என்று தேடுங்கள். 1380. நம் காலக்கோட்டின் முதல் புள்ளி. மகனுக்கு ஓலவ் என்று பெயர் மாற்றினார், அவர் பின்னாளில் ஐந்தாம் ஓலவ் ஆனார். நான்காம் ஓலவ் இறந்தது 1387. ஐந்து நூற்றாண்டு இடைவெளியைத் தாண்டி எண்ணைத் தொடர்ந்ததன் மூலம், எங்கள் அரசு புதியதல்ல, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது என்று உலகுக்குச் சொன்னார்கள். இனி எந்த நார்வே அரசரின் பெயரைப் பார்த்தாலும் எண்ணைப் பாருங்கள், முந்தைய எண்ணுக்கு உரியவரைத் தேடுங்கள்.

படி 5: இப்போது வைக்கிங் காலம், இரண்டு நிறத்தில்

இரண்டு பேனாக்களும் இங்கேதான் வேண்டும். அகழாய்விலும் சமகாலக் குறிப்புகளிலும் கிடைத்தவற்றை நீலத்தில் எழுதுங்கள். சாகா (saga) எனப்படும் பழைய வட ஐரோப்பிய வீரக்கதைகளிலிருந்து வருபவற்றைப் பச்சையில் எழுதுங்கள்.

வைக்கிங் கால அரசர் ஹரால்ட் ஹோர்ஃபாக்ரே நார்வே முழுவதையும் வெல்லும்வரை தலைமுடி வெட்ட மாட்டேன் என்று சபதம் செய்தார் என்பது பச்சை. அதை நமக்குத் தருபவர் ஸ்னோரி ஸ்டுர்லுசன். அவர் ஐஸ்லாந்துக்காரர், எழுதியது ஏறத்தாழ 1230-இல். ஹரால்டின் காலமோ அதற்கு மூன்று நூற்றாண்டுக்கு மேல் முந்தையது. ஓசெபெர்க் என்ற இடத்தில் புதைந்திருந்த வைக்கிங் கப்பல் நீலம்: 1904-இல் தோண்டி எடுத்தார்கள், உள்ளே இரண்டு பெண்களின் எலும்புகள். மரத்தின் வளையங்களை வைத்துப் பார்த்ததில், அடக்கம் நடந்தது 834-இல் என்று தெரிந்தது.

இந்தக் காலத்தில் ஒருவரை மட்டும் நன்றாகப் படிக்க நேரம் இருக்கிறதென்றால், நார்வேயின் அரசராக இருந்த ஓலவ் ஹரால்ட்சனைப் படியுங்கள். 1030 ஜூலை 29-இல் ஸ்டிக்லெஸ்டாட் போரில் அவரைக் கொன்றவர்களில் பெரும்பாலோர் நார்வே விவசாயிகளும் குறுந்தலைவர்களும். அடுத்த ஆண்டே அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். நிடாரோஸ் பேராலயத்தின் பெருமை அவர் உடல் அங்கே இருந்ததால் வந்தது. தன் மக்களாலேயே கொல்லப்பட்டவர் நாட்டின் நிரந்தர அரசர் என்ற பெயர் பெற்றார். ஏழாம் ஹோக்கோன் 1906-இல் முடிசூடிக்கொண்டதும் அந்தப் பேராலயத்தில்தான்.

படி 6: 1940 ஏப்ரல் 9, 10, 11 மூன்று நாட்களும்

இங்கே மணிக்கணக்கில் படியுங்கள். ஏப்ரல் 9 விடியுமுன் ஜெர்மன் போர்க்கப்பல் ப்ளூஹர், ஓஸ்லோவைப் பிடிக்க வேண்டிய படையினரோடு குடாவுக்குள் வருகிறது. ட்ரோபாக் அருகே நீர்வழி குறுகும் இடத்தில் ஆஸ்கர்ஸ்போர்க் கோட்டை. அதன் தளபதி கர்னல் பிர்கர் எரிக்சன். கையில் இருப்பவை 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் க்ருப் ஆலை வார்த்த பீரங்கிகள். பீரங்கிக்குழுவில் பலர் அப்போதுதான் பயிற்சிக்கு வந்தவர்கள். வருவது யார் என்று மேலிடத்திலிருந்து தெளிவான தகவல் இல்லை. எரிக்சன் சுட உத்தரவிட்டார். இரண்டு குண்டுகளும் பட்டன. கரையில் மறைத்து வைத்திருந்த பழைய டார்பிடோக்கள் மிச்ச வேலையை முடித்தன. சில மணி நேரத்தில் கப்பல் மூழ்கியது.

அந்தத் தாமதத்தில் அரசர், அமைச்சர்கள், ஸ்டோர்ட்டிங் உறுப்பினர்கள் ரயிலேறி வடக்கே போனார்கள். அன்று மாலை, நார்வேயின் நாஜி ஆதரவுக் கட்சித் தலைவர் வித்குன் க்விஸ்லிங் வானொலியில் தன்னைத் தானே பிரதமராக அறிவித்தார். மறுநாள் ஜெர்மன் தூதர் அரசரைச் சந்தித்து, க்விஸ்லிங்கைப் பிரதமராக்குங்கள் என்றார். ஹோக்கோன் அமைச்சரவையிடம் சொன்னது இதுதான்: முடிவு உங்களுடையது, ஆனால் நீங்கள் இணங்கினால் நான் அரியணையை விட்டுவிடுவேன். அமைச்சரவை மறுத்தது. 11-ஆம் தேதி அவர்கள் இருந்த நிபெர்க்சுண்ட் கிராமத்தின்மீது குண்டு விழுந்தது, அரசர் பனி மூடிய காட்டில் ஒதுங்கினார். ஜூன் 7-இல் நாட்டை விட்டுக் கிளம்பி, ஐந்து ஆண்டு கழித்து அதே ஜூன் 7-இல் திரும்பினார்.

1942-ஐயும் இதே பக்கத்தில் எழுதுங்கள். நாஜி ஆசிரியர் சங்கத்தில் சேர மறுத்த ஆசிரியர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அதே ஆண்டு நவம்பர் 26-இல், ஓஸ்லோவிலிருந்து டோனௌ கப்பல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட யூதர்களை ஏற்றிச் சென்றது. அவர்களைப் பிடித்துக் கொடுத்ததில் நார்வே காவல்துறைக்கும் பங்கு உண்டு.

படி 7: ஒருவரை முழுதாகப் பின்தொடருங்கள்

என் தேர்வு ஃப்ரிட்யோஃப் நான்சன். 1888-இல் பனிச்சறுக்குக் கட்டைகளில் கிரீன்லாந்தைக் கடந்தார். 1893-இல் ஃப்ராம் என்ற கப்பலை வேண்டுமென்றே வடதுருவக் கடலின் பனியில் உறையவிட்டு, நீரோட்டம் இழுத்த வழியில் போனார். பனி நெருக்கும்போது மேலே எழும்பும்படி வளைந்த அடிப்பாகத்தோடு கோலின் ஆர்ச்சர் கட்டிய கப்பல் அது. 1905-இல் இளவரசர் கார்லை அரசராக வரும்படி பேசச் சென்றவர்களில் நான்சனும் ஒருவர். முதல் உலகப்போருக்குப் பின் நாடிழந்த அகதிகளுக்கு நான்சன் கடவுச்சீட்டு என்ற ஆவணத்தை உருவாக்கினார். 1922-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். 1911 டிசம்பர் 14-இல் தென்துருவத்தை முதலில் அடைந்த ரோவால்ட் அமுண்ட்செனும் அதே ஃப்ராம் கப்பலை நான்சனிடமிருந்து இரவலாகப் பெற்றுப் போனவர்தான்.

தகவல் சரிபார்க்க ஸ்டோரே நோர்ஸ்கே லெக்சிகோன் என்ற நார்வேயின் இணையக் கலைக்களஞ்சியம் இலவசமாகக் கிடைக்கிறது. உலாவியின் மொழிபெயர்ப்பு வசதியோடு படிக்கலாம்.

படி 8: பட்டியலில் இல்லாதவர்கள்

எய்ட்ஸ்வோலில் வடக்குக்கு இருக்கை இல்லை என்று அடிக்கோடிட்டீர்கள் அல்லவா? அந்த வடக்கு, சாமி (Sámi) என்ற பூர்வகுடி மக்களின் நிலம். 1852-இல் கௌட்டோகெய்னோவில் அவர்கள் கிளர்ந்தபோது இருவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பள்ளிகளில் சாமி மொழியை ஒதுக்கி நார்வேமயமாக்கும் கொள்கை ஒரு நூற்றாண்டு நீடித்தது. 1917 பிப்ரவரி 6-இல் எல்சா லாவுலா ரென்பெர்க் ட்ரொன்ஹெய்மில் சாமி மக்களின் பெரிய கூட்டத்தைக் கூட்டினார்; பிப்ரவரி 6 இன்று சாமி மக்களின் தேசிய நாள். 1979-இல் ஆல்டா ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்து சாமி இளைஞர்கள் ஸ்டோர்ட்டிங் முன்னால் கூடாரம் போட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். அணை வந்துவிட்டது. ஆனால் அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1989-இல் சாமி நாடாளுமன்றம் திறக்கப்பட்டது. 1997-இல் அதன் அவையில் நின்று, நார்வே அரசு சாமி மக்களுக்கு இழைத்த அநீதிக்காக மன்னர் ஐந்தாம் ஹரால்ட் மன்னிப்புக் கேட்டார்.

இந்த ஆண்டுகளைக் காலக்கோட்டின் கீழ்ப்பக்கத்தில் குறியுங்கள். 1905-க்கு நேர் கீழே 1917-உம், மே 17-க்கு நேர் கீழே பிப்ரவரி 6-உம் வரும்படி இடம் விட்டு எழுதினால், அடுத்து எடுக்கும் எந்தப் புத்தகத்திலும் இரண்டு வரிசையையும் சேர்த்தே பார்ப்பீர்கள்.