இங்கிலாந்துப் பள்ளியில் சிறப்புத் தேவைப் பிள்ளைகள்: பணம் எப்படி வருகிறது, எதைக் கேட்க வேண்டும்

பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கேட்டால், பல பள்ளிகளில் கிடைக்கும் முதல் பதில் "பட்ஜெட் இல்லை" என்பதுதான். கையிருப்பு உண்மையிலேயே குறைவாக இருக்கலாம். ஆனாலும் அந்தப் பதிலோடு வீடு திரும்ப வேண்டியதில்லை.

பணம் மூன்று அடுக்காக வருகிறது. முதலாவது, எல்லா மாணவருக்கும் பள்ளி பெறும் பொதுத் தொகை. இரண்டாவது, ஒரு மாணவரின் கூடுதல் உதவிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 பவுண்டு வரை பள்ளியே தன் பட்ஜெட்டிலிருந்து போட வேண்டிய செலவு. அதற்கு மேல் ஆனால், கவுன்சில் (உள்ளாட்சி நிர்வாகம்) தரும் 'டாப்-அப்' என்ற கூடுதல் தொகை மூன்றாவது. "என் பிள்ளையின் 6,000 எங்கே?" என்று கேட்டுச் சண்டை பிடிப்பதில் பயனில்லை, பிள்ளையின் பெயரில் அப்படியொரு கணக்கு கிடையாது. என்ன உதவி, யார் தருவார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள்.

கேட்க வேண்டியவர் 'சென்கோ' என்று அழைக்கப்படும் சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பாளர். ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவர் இருப்பார். 'சென் சப்போர்ட்', அதாவது பள்ளியே தரும் சிறப்புக் கல்வி உதவி, பெறும் பிள்ளையின் பெற்றோரைப் பள்ளி ஆண்டுக்கு மூன்று முறையாவது சந்திக்க வேண்டும். பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். பிறகு கைகொடுப்பது அந்த எழுத்துப் பதிவுதான்.

நம் பிள்ளைகளுக்கே வரும் சிக்கல் ஒன்று உண்டு. வீட்டில் தமிழ் பேசுவதை மட்டும் வைத்துக் கற்றல் குறைபாடு என்று சொல்லக்கூடாது என்கிறது 2014ஆம் ஆண்டுக் குழந்தைகள், குடும்பங்கள் சட்டம். சில பள்ளிகள் இதைத் தலைகீழாக்கி, "இங்கிலீஷ் வரட்டும், பார்ப்போம்" என்று ஓராண்டைக் கடத்திவிடும். தமிழிலும் பேச்சு தாமதமா, தமிழில் சொன்னதும் புரியவில்லையா என்று உதாரணங்களோடு எழுதிக் கொடுங்கள். ஊரில் எடுத்த மருத்துவ அறிக்கை இருந்தால் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சேர்த்துக் கொடுங்கள்.

பள்ளியின் உதவி போதாதபோது கவுன்சிலிடம் இ.எச்.சி. (கல்வி, உடல்நலம், பராமரிப்பு) மதிப்பீடு கேட்கலாம். பிள்ளைக்கு என்ன உதவி என்று சட்டப்படி எழுதித் தரும் இ.எச்.சி. திட்டத்துக்கு இதுவே முதல் படி. பெற்றோரே நேரடியாக எழுதலாம். பள்ளியின் சம்மதமோ நோய்ப்பெயரோ கட்டாயமில்லை. சிறப்புத் தேவை இருக்கிறதா அல்லது இருக்கக்கூடுமா, திட்டம் தேவைப்படலாமா என்பவையே சட்டம் பார்ப்பவை. "முதலில் பள்ளி 6,000 செலவழிக்கட்டும்" என்பது அந்தச் சட்டத்தில் இல்லாத நிபந்தனை. ஆனாலும் அடிக்கடி காதில் விழும்.

கேட்ட நாளிலிருந்து 6 வாரத்துக்குள் மதிப்பீடு செய்வதா என்று கவுன்சில் சொல்ல வேண்டும். திட்டம் தருவதென்றால் 20 வாரத்துக்குள் இறுதி வடிவம் வர வேண்டும். பல கவுன்சில்கள் இந்தக் கெடுவைத் தவறவிடுகின்றன. தேதி குறிப்பிட்டு எழுத்தில் புகார் கொடுங்கள். மதிப்பீட்டையோ திட்டத்தையோ கவுன்சில் மறுத்தால் சிறப்புக் கல்வித் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம், கட்டணம் இல்லை. முடிவுக் கடிதத் தேதியிலிருந்து 2 மாதம், அல்லது சமரசச் சான்றிதழிலிருந்து 1 மாதம், இவற்றில் எது பிந்தியதோ அதுவே கடைசி நாள். சமரசப் பேச்சுக்குப் போக விருப்பமில்லாவிட்டாலும், அதற்கான ஆலோசகரிடம் பேசி அந்தச் சான்றிதழைப் பெரும்பாலும் வாங்கியாக வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் உள்ள 'சென்டியாஸ்' (SENDIASS) என்ற பெற்றோர் ஆலோசனைச் சேவையும், 'இப்சியா' (IPSEA) அறக்கட்டளையும் இலவசமாக வழிகாட்டும்.

வரைவுத் திட்டம் வந்தால் கருத்துச் சொல்லக் குறைந்தது 15 நாள் தருவார்கள். அந்த நாள்களில், பிள்ளைக்குத் தரப்போகும் கல்வி உதவியைச் சொல்லும் எஃப் (F) பகுதியை வரி வரியாகப் படியுங்கள். கவுன்சிலைச் சட்டப்படி கட்டுவது அங்கே எழுதியிருப்பதுதான். "பேச்சுச் சிகிச்சை பெற வாய்ப்பு அளிக்கப்படும்" என்ற வாக்கியத்தை வைத்து யாரையும் கேள்வி கேட்க முடியாது. "பேச்சுச் சிகிச்சையாளர் வாரம் ஒருமுறை 45 நிமிடம் தனியாக" என்று இருந்தால் முடியும். அப்படித் தெளிவாக எழுதிய பின், பள்ளியில் பணம் தீர்ந்தாலும் அதை நடத்திக்கொடுப்பது கவுன்சிலின் கடமை.

'பொது நிதி உதவி கிடையாது' என்று விசாவில் இருப்பவர்கள் இதையெல்லாம் கேட்கவே அஞ்சுகிறார்கள். பள்ளி தரும் உதவியும் இ.எச்.சி. திட்டமும் அந்தத் தடைக்குள் வராது. வருவது டி.எல்.ஏ. (மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான அரசுத் தொகை) போன்ற உதவித்தொகைகள், அவற்றுக்கு விண்ணப்பிக்கும் முன் குடிவரவு ஆலோசகரைக் கேளுங்கள்.

வீடு மாறி வேறு கவுன்சிலுக்குப் போனால் திட்டமும் கூடவே வரும். மாறுவதற்கு முன்பே இரு கவுன்சில்களுக்கும் எழுதுங்கள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குச் சட்டம் வேறு.