பாரீஸ் பக்கம் தோட்டம் போட வரும் புதுச்சேரிக்காரர்களுக்கு: அவரை விதைக்கும் முன்

தோட்டம் போட இடம் வேண்டுமென்றால், வந்த வாரமே உங்கள் ஊர் மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) எழுதிக் கொடுத்துவிடுங்கள். காத்திருப்போர் வரிசை நீளம். ஊரிலிருந்து விதையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவராதீர்கள். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுவரக் கூடாது. இவ்வளவுதான் அரசாங்க வேலை.

முக்கியமானது பகலின் நீளம். நம் ஊரில் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்கூட வித்தியாசம் கிடையாது. அதனால் யாரும் அதை நினைப்பதில்லை; மழையைப் பார்த்து விதைக்கிறோம். இங்கே டிசம்பரில் பகல் 8 மணி நேரம், ஜூனில் 16 மணி நேரம்.

முன்பே வந்த ஒரு அண்ணன் எனக்குப் பாகூர்ப் பந்தல் அவரை விதை கொடுத்தார். மே நடுவில், குளிர் விட்டதும் போட்டேன். ஜூலையில் பந்தல் மூடிவிட்டது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்கு அவ்வளவு பெருமை. ஆனால் பூ இல்லை. எரு போட்டேன், இலைதான் இன்னும் பெருத்தது. ஆகஸ்டும் போனது. அம்மாவுக்குப் போன் போட்டேன். "அவரை பனிக்குத்தான்டா பூக்கும். ஆடியில போடுறத வைகாசியில போட்டுட்டுக் கேக்கிறியே" என்றார்.

அம்மா சொன்ன பனிக்காலம்தான் இரவு நீளும் காலம். நாட்டு அவரை பூக்க நீண்ட இரவு வேண்டும். இங்கே அது கிடைத்தது செப்டம்பர் கடைசியில். ஊதாப் பூ கொத்துக் கொத்தாக வந்தது. பிஞ்சு விரல் நீளம் ஆவதற்குள் உறைபனி விழுந்து, ஒரே இரவில் கொடி முழுக்கக் கருகியது. அண்ணனிடம் சொன்னால், அவருக்கும் முதல் வருடம் அப்படித்தானாம். விதை கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாமே! அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அவரை வேண்டுமென்றால் பகல் நீளத்தைப் பார்க்காமல் பூக்கும் செடி அவரை வாங்குங்கள். தக்காளி, மிளகாய், கத்தரிக்குச் சூடுதான் முக்கியம்: மார்ச்சில் வீட்டு ஜன்னலோரம் நாற்று விட்டு, மே நடுவுக்குப் பிறகு நடுங்கள். தண்டுக்கீரை ஜூன் வெயிலில் நன்றாக வரும். கொத்தமல்லி அப்போது பூவுக்கு ஓடிவிடும். ஆகஸ்ட் கடைசியில் தூவுங்கள். அப்புறம், இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை, எப்போதும் தெற்கே சாய்ந்துதான் போகும். ஊரில் நாற்றுக்கு நிழல் தேடினோம்; இங்கே தெற்குப் பார்த்த சுவரைத் தேடுங்கள்.

பந்தலைப் பிரிக்க மனசு வரவில்லை. இப்போது அதில் கொடி பீன்ஸ் ஏற்றியிருக்கிறேன், ஜூலையிலேயே காய்க்கிறது. பொங்கல் குழம்புக்கு மட்டும் பாரீஸில் லா ஷப்பேல் பகுதித் தமிழ்க் கடைகளில் அவரைக்காய் வாங்குகிறேன்.