ஒன்பதாவது டிராகன் எங்கே? பழைய சீன ஆடைகளை டிஜிட்டலில் பதியும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங் வம்சப் பேரரசரின் மஞ்சள் அங்கியில் மொத்தம் 9 டிராகன்கள். மார்பு, முதுகு, இரண்டு தோள்கள் என்று மேலே 4. கீழ்ப்பகுதியில் முன்னும் பின்னுமாக 4. மிச்சமுள்ள ஒன்று, மேல்மடலுக்கு அடியில் மறைந்துகிடக்கும் உள்மடலில் இருக்கிறது. அங்கியை மூடியபடியே மாட்டிவைத்துச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தால் அது பதிவில் வரவே வராது.

வெளியே தெரிவதை ஸ்கேன் செய்தால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. உள்மடல், லைனிங், தையல் மடிப்பு எல்லாமே பதிவாக வேண்டும். வெளிச்சம் படாத மடிப்புக்குள் பழைய சாயம் மங்காமல் இருப்பதுண்டு. நிறத்தைத் திரையில் மீட்பவர் முதலில் பார்க்க வேண்டியது அங்கேதான். ஆனால், நைந்த பட்டுத் துணியை நாமே பிரித்துப் பார்க்கக் கூடாது. துணிப் பாதுகாப்பு நிபுணர்தான் அதைத் தொட வேண்டும். விளக்குகளை மணிக்கணக்கில் எரியவிடவும் வேண்டாம். காட்சியில் பட்டுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சமே வரம்பு. ஒளியால் வரும் சேதம் கூடிக்கொண்டே போகும், திரும்பாது.

அடுத்தது, வலம் இடமாகப் புரட்டிவிடுவது. இடது மடல் வலது மடலின் மேல் வந்து வலப்பக்கம் முடிவதுதான் சீனாவின் பெரும்பான்மை இனமான ஹான் சீனர்களின் மரபு. பழைய சீன அமைச்சர் குவான் சோங் இல்லாவிட்டால் நாமும் அந்நியர்களைப்போல முடியை விரித்துப்போட்டு, இடப்பக்கம் முடியும் அங்கியை அணிந்திருப்போம் என்று கன்பூசியஸ் சொன்னதாக மரபு. வலப்பக்கம் முடிவதைத் தங்கள் நாகரிகத்தின் அடையாளமாகவே பார்த்தார்கள். அழகுக்காகப் படத்தைப் புரட்டினால் அந்த அர்த்தமே தலைகீழாகிவிடும்.

அப்புறம் வெட்டு. இந்த அங்கிகளில் பெரும்பாலும் தோள் தையல் கிடையாது; முன்பக்கத் துணியே தோளில் மடிந்து பின்பக்கம் இறங்கும். இன்றைய ஃபேஷன் மென்பொருளின் ஆயத்த வார்ப்பில் பொருத்தினால் அது இல்லாத தையலைப் போட்டுவிடும். துணியின் எடையும் அப்படித்தான். சாங்ஷா அருகே மாவாங்துய் கல்லறையில் 1972இல் கிடைத்த ஹான் வம்சக் காலத்துச் (சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முந்தைய) சல்லாப்பட்டு அங்கி வெறும் 49 கிராம். மென்பொருளில் ‘பட்டு’ என்று இருக்கும் பொது அளவைப் போட்டால் அது கனத்துத் தொங்கும்.

கிழிந்த இடத்தை ஊகித்து நிரப்பலாம், தப்பில்லை. ஆனால் அந்த ஊகம் தனி அடுக்காக இருக்கட்டும். பார்ப்பவர் ஒரு பொத்தானை அழுத்தினால் அது விலகி, உண்மையில் எஞ்சியிருக்கும் துணி மட்டும் தெரிய வேண்டும்.