பழைய சாமான் வாங்கி மலைவீட்டை அலங்கரிப்பவர்கள் செய்யும் தவறுகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குள் நுழைந்தால் கை சும்மா இருக்காது. பர்மா தேக்குப் பெட்டி, எனாமல் தூக்கு, சட்டமிட்ட சாமி படம் என்று எதைப் பார்த்தாலும் கோத்தகிரியிலோ ஏற்காட்டிலோ இருக்கும் நம் சின்ன வீட்டில் அதற்கு ஓர் இடம் தோன்றும். முதல் தவறு அங்கேதான். அங்கே கிடைக்கும் அலமாரியெல்லாம் செட்டிநாட்டு வீட்டின் பட்டாலைக்கு, அதாவது பெரிய கூடத்துக்குச் செய்தவை, பத்தடி அறைக்கு அல்ல. அறையை மட்டுமின்றி வாசல் நிலையின் அகலத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

மரத்தில் துளை இருந்தாலே ஒதுக்க வேண்டியதில்லை. துளையின் விளிம்பு கறுத்திருந்தால் அது பழையது. வெளிறியிருந்து, கீழே மாவு போலத் தூள் கொட்டியிருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. தேக்கின் வைரத்தை, அதாவது கெட்டியான நடுமரத்தை, அது அவ்வளவாகத் தொடாது. பின்பலகையும் இழுப்பறையின் அடியும் பெரும்பாலும் மட்டமான மரம். அங்கே குனிந்து பாருங்கள்.

எனக்கு நெஞ்சு பொறுக்காதது, வாங்கி வந்த மறுநாளே உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான். கை பட்டுப் பட்டு ஏறிய பழுப்பு மினுமினுப்பு ஒரு மணி நேரத்தில் போய்விடும், திரும்ப வராது. நானும் ஒரு மேசையை அப்படி இழந்திருக்கிறேன். மெல்லிய துணியால் தூசி தட்டி, கொஞ்சம் தேன்மெழுகு பூசினாலே போதும். பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம், தேய்த்துப் பறக்கவிடாதீர்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் ஈரத்துணி படவே கூடாது: தங்க ரேக்குக்கு அடியில் இருப்பது சுண்ணப் பூச்சு, ஊறினால் உரிந்துவிடும்.

ரவி வர்மா படம் என்றதும் விலை கேட்காமல் வாங்குகிறார்கள். அவர் 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில் கல்லச்சில் அடித்த படங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், புள்ளிகள் கையால் இட்டதுபோல ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். வரிசை பிசகாத புள்ளி என்றால் பிற்கால அச்சு. பிடித்திருந்தால் வாங்கலாம், பழைய படத்தின் விலைக்கு அல்ல.

நூறாண்டு கடந்த கோயில் சிலைகள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். பதிவுச் சான்று இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

மலையில் சுவர் மழைக்காலம் முழுக்க ஈரம் விடும். படத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டினால் பூஞ்சை பூக்கும். சட்டத்தின் பின்பக்கக் கீழ் மூலைகளில் கார்க் துண்டு இரண்டை ஒட்டினால் காற்று ஓட வழியிருக்கும். தாள் கண்ணாடியில் படாதபடி நடுவே, படத்தை மறைக்காமல் ஓரங்களில் மட்டும், அட்டை வைக்கச் சொல்லி, பிரேம் போடுபவரின் பக்கத்திலேயே நில்லுங்கள்.