பழைய மாருதி 800: அடிப்பகுதிக் கட்டமைப்புத் துருவை வெட்டிச் சரிசெய்யும் முறை

சென்னையின் திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் பதினைந்து இருபது மழைக்காலங்களைக் கண்ட மாருதி 800 ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கும்போது, சில நேரங்களில் கார் மேலெழும்பாமல் ஜாக்கியின் தலை மட்டும் தகட்டை நசுக்கிக்கொண்டு உள்ளே புதைந்துவிடும். அந்த நொடியில்தான் உரிமையாளருக்குத் தம் காரில் இருப்பது வெறும் மேல்துரு அன்று என்பது புரியவரும். கதவின் கீழ்விளிம்பிலும் மட்கார்டிலும் தெரியும் துரு அழகைக் கெடுக்கும். அடிப்பகுதியில் சுமை தாங்கும் தகடுகளில் ஏறிய துரு பயணிப்பவரின் உயிரோடு தொடர்புடையது. இரண்டையும் ஒரே பட்டியால் (பள்ளம் நிரப்பும் பசையால்) பூசி மறைக்கும் வழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் மாறவில்லை என்பதால், இந்த வேலையைச் செய்ய வேண்டிய முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1983 டிசம்பரில் வெளிவந்து 2014 ஜனவரி வரை உற்பத்தியான இந்தக் காருக்கு லாரியைப் போலத் தனிச் சேஸ் கிடையாது. தரைத்தகடு, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டங்களான இருபக்க ரன்னிங் போர்டுகள், எஞ்சின் அறையின் உட்பக்கத் தகடான முன்புற ஏப்ரன், குறுக்குச் சட்டங்கள் ஆகியவை ஒன்றோடொன்று ஸ்பாட் வெல்டிங்கால் (புள்ளி புள்ளியான பற்றவைப்பால்) இணைந்து அவையே சேஸின் வேலையைச் செய்கின்றன. அம்பாசிடரும் இதே வகைக் கட்டுமானந்தான். அதன் தகடு தடிமனாக இருப்பதால் அதற்குத் தனிச் சேஸ் உண்டு என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மாருதியின் தகடோ பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது. தகடு மெல்லியதாக இருந்தும் கார் விறைப்பாக நிற்பது, அத்தகடு பெட்டி வடிவில் மடிக்கப்பட்டிருப்பதால்தான். பெட்டியின் ஒரு பக்கம் அரித்துவிட்டால் மற்ற மூன்று பக்கங்களும் முழுதாக இருந்தாலும் அதன் வலிமையில் பெரும்பகுதி போய்விடுகிறது.

எந்த இடம் கட்டமைப்பு, எந்த இடம் வெறும் மூடி என்பதைப் பிரித்தறிய ஒரு நல்ல அளவுகோல் பிரிட்டனின் ஆண்டுப் பரிசோதனை விதிகளில் இருக்கிறது. சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக், சீட் பெல்ட் ஆகியவை உடலோடு பொருந்தும் புள்ளிகளைச் சுற்றி 30 செ.மீ. தொலைவுக்குள் சுமை தாங்கும் தகடு துருவால் பெரிதும் வலுவிழந்திருந்தால் அந்த வண்டி அங்கே தேறாது. நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தை அந்த விதி கட்டுப்படுத்தாது என்றாலும், வீட்டு வாசலில் குனிந்து பார்க்கிற ஒருவருக்கு அதைவிடத் தெளிவான கோடு கிடைப்பது அரிது. மாருதி 800-இல் இந்தக் கோட்டுக்குள் வருபவை முன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணின்) மேல்முனை பொருந்தும் ஏப்ரன் கிண்ணம், முன்சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கீழ்க்கை பொருந்தும் சட்டம், பின் சஸ்பென்ஷன் கைகளின் பிராக்கெட்டுகள், பின் ஸ்பிரிங் அமரும் இடம், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் தகடு ஆகியவை. இவற்றோடு இருபக்க ரன்னிங் போர்டுகளை அவற்றின் முழு நீளத்துக்கும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

துரு வெளியிலிருந்து உள்ளே போவதாகவே பொதுவாக நினைக்கிறோம். ரன்னிங் போர்டைப் பொறுத்தவரை பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறானது. பெட்டியின் அடியில் நீர் வடிவதற்காக விடப்பட்ட சிறு துளைகள் சேற்றால் அடைபடுகின்றன. உள்ளே தேங்கும் ஈரம் உப்பைக் கரைத்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உலராமல் இருக்கிறது. வெளியே ஒரு சிறு கொப்புளம் தெரியும்போது உள்தகடு பாதி போயிருக்கும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்களில், மேலே துணி, சீட்டு எல்லாம் மாற்றிச் சுத்தம் செய்தவர்கள்கூட இந்தப் பெட்டிகளுக்குள் படிந்த வண்டலைக் கழுவியெடுக்கவில்லை. தரைத்தகட்டின் கதை வேறு: அங்கே குற்றவாளி பெரும்பாலும் ஏசியின் நீர் வடியும் குழாய். அது அடைத்துக்கொண்டால் நீர் முன்சீட்டுக்காரரின் காலடியில் கார்ப்பெட்டுக்குக் கீழே உள்ள பஞ்சில் ஊறுகிறது. மேலே ரப்பர் மேட் போட்டு நாமே மூடியும் விடுகிறோம். காரணத்தை முதலில் நிறுத்தாமல் தகடு மாற்றினால், புதுத்தகடும் அதே வழியில் போகும்.

ஆய்வுக்குத் தேவையானவை எளியவை: ஒரு காந்தம், ஒரு சிறு சுத்தியல், முனை மழுங்கிய பழைய ஸ்குரூ டிரைவர், ஒரு டார்ச். சீட்டுகளையும் கார்ப்பெட்டையும் முழுவதும் கழற்றிவிட்டே தொடங்க வேண்டும். கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பது பார்த்ததாகாது. காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டியோ ஃபைபரோ இருக்கிறது என்று கொள்ளலாம். சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடு மண்பானை விரிசலைப் போல மழுங்கிய ஓசை தரும். ஓசை மாறும் இடத்தில் ஸ்குரூ டிரைவரைச் சாய்க்காமல் நேராக வைத்து அழுத்த வேண்டும். ஓட்டை விழுந்துவிடுமே என்று தயங்குவோர் உண்டு. அழுத்தத்தில் ஓட்டை விழுகிற தகடு அதற்கு முன்பே தகடாக இல்லை. இன்னொரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். ஒரு பக்கத்தை ஜாக்கியால் சற்றுத் தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். தரையில் நின்றபோது சரியாக மூடிய கதவு இப்போது கீழே இடித்தாலோ, கதவின் பின்விளிம்பில் இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறினாலோ, ரன்னிங் போர்டு தன் வேலையைக் கைவிட்டுவிட்டது என்று பொருள்.

அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்த பழைய காரைக் கண்டால் மகிழ்வதற்குப் பதில் ஐயப்பட வேண்டும். நான் வாங்கிய 1999 மாடல் வண்டியின் அடிப்பகுதி புதுத்தார் ரோடு போலப் பளபளத்தது. விற்றவர் அதைக் காட்டியே விலையை உயர்த்தினார். ஆறு மாதங்களுக்குப் பிறகு அந்தப் பூச்சை விரலால் உரித்தபோது, தகடு அதோடு சேர்ந்தே வந்தது. துருவின் மேல் அடிக்கப்படும் தார்ப்பூச்சு ஈரத்தை வெளியே நிறுத்துவதில்லை, உள்ளே பூட்டி வைக்கிறது. துருமாற்றி என்று விற்கப்படும் திரவங்களுக்கும் எல்லை உண்டு. அவற்றிலுள்ள பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ மெல்லிய மேல்துருவை நிலையான ஒரு சேர்மமாக மாற்றும். கரைந்துபோன இரும்பைத் திருப்பித் தராது.

வேலையில் இறங்குமுன் பாதுகாப்பு. ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் ஒருபோதும் போகக் கூடாது. துருப்பிடித்த ஜாக்கிப் புள்ளிகளையும் நம்பக் கூடாது. நல்ல தகடு உள்ள குறுக்குச் சட்டங்களுக்குக் கீழே நான்கு ஸ்டாண்டுகள் வைத்து, வண்டியை அசைத்துப் பார்த்த பிறகே படுக்க வேண்டும். பாட்டரியின் இணைப்புகளைக் கழற்ற வேண்டும், எம்.பி.எஃப்.ஐ. வண்டியாக (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் வகையாக) இருந்தால் கம்ப்யூட்டர் பெட்டியின் இணைப்பையும் எடுத்துவிடுவது நல்லது. பெட்ரோல் டேங்க்கின் அருகே வெல்டிங் செய்வதாக இருந்தால் டேங்க்கை இறக்கி வேறிடத்தில் வைக்க வேண்டும். காலி டேங்க்தானே என்று விட்டுவிடுவது பெரும்பிழை. பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும் காலி டேங்க், நிரம்பிய டேங்க்கைவிட ஆபத்தானது. டேங்க்கிலிருந்து எஞ்சின் வரை அடியில் ஓடும் பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் ஆகியவற்றையும் வெப்பத்திலிருந்து விலக்கிவைக்க வேண்டும். அவற்றில் துருச்செதில் தெரிந்தால் இதுவே மாற்றுவதற்கான நேரம். பிரேக் குழாயில் ஒட்டு வேலைக்கு இடமில்லை. தீயணைப்பானோடு ஒருவர் காருக்குள் அமர்ந்து, வெல்டிங் நடக்கும் தகட்டின் மறுபக்கத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி வெட்டும் வேலை. கண்ணுக்குத் தெரியும் துருவின் எல்லையோடு நிறுத்தாமல், தகடு அதன் முழுத் தடிமனோடும் வெள்ளி நிறத்தோடும் தெரியும் இடம்வரை, ஏறத்தாழ 2 அல்லது 3 செ.மீ. தள்ளியே வெட்ட வேண்டும். மெலிந்த தகட்டின் விளிம்பில் வெல்டிங் பிடிக்காது. தீப்பொறி பட்டதும் அது உருகி ஓட்டை இன்னும் பெரிதாகும். ரன்னிங் போர்டை வெட்டும்போது மட்டும் மிகுந்த நிதானம் வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கங்களையும் திறக்கக் கூடாது. வெட்டுமுன் கதவுச் சட்டத்தின் முன் தூணுக்கும் நடுத்தூணுக்கும் குறுக்கே ஒரு சதுரக் குழாயைத் தற்காலிகமாகப் பற்றவைத்துக்கொண்டால் உடல் வளையாமல் நிற்கும். இந்தக் குறுக்குக் குழாயை நேரம் போதாது என்று தவிர்த்த வண்டிகளில், வேலை முடிந்த பிறகு கதவு மூட மறுப்பதும், அதைச் சரிக்கட்ட டிங்கர் கதவின் கீலை வளைப்பதும் வழக்கமான காட்சி.

வெளித்தகட்டைத் திறந்த பிறகு உள்தகட்டைச் சோதித்து, அதில் அரிப்பு இருந்தால் முதலில் அதைத்தான் மாற்ற வேண்டும். வெளித்தகடு மட்டும் புதிதாக மாற்றி உள்ளே உள்ள அழுகலை அப்படியே மூடுவதுதான் மலிவான வேலையின் அடையாளம். பழைய மாடல்களுக்கான தகடுகளைச் சென்னையில் தேடுவோர் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டைக்குப் போவது வழக்கம், கிடைக்காவிட்டால் சி.ஆர். தகட்டை (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகட்டை) மடித்துச் செய்துகொள்ளலாம். தரைக்கு 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மி.மீ.; ரன்னிங் போர்டுக்கும் பிராக்கெட் அடிகளுக்கும் 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மி.மீ. இதைவிடத் தடித்த தகடு போட்டால் பலம் கூடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் தடித்த தகடும் மெல்லிய தகடும் சேரும் கோட்டில்தான் அசைவு முழுவதும் குவியும், சில ஆண்டுகளில் விரிசலும் அங்கேதான் விழும். ஒட்டின் மூலைகளை வளைவாக வெட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டைப் பயன்படுத்துவதாக இருந்தால் வெல்டிங் கோட்டில் உள்ள அந்தப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். துத்தநாகப் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் கொண்டுவரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்ற பட்டறை நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. காற்றோட்டமும் உரிய முகமூடியுமே காப்பு.

நம் ஊர்களில் பல பட்டறைகளில் இன்றும் இதைக் கேஸ் வெல்டிங்கில், சிலர் பித்தளைக் கம்பி கொண்டும் முடிக்கிறார்கள். கேஸ் சுடரின் வெப்பம் கைப்பிடி அகலத்துக்குப் பரவித் தகட்டை நெளியவைக்கும். சுற்றியுள்ள பூச்சையும் எரித்துவிடும். பித்தளைப் பற்றவைப்பு சுமை தாங்கும் இடங்களுக்கு ஏற்றதன்று. நான் மேலே சொன்ன பிரிட்டன் விதிகளும் அதை ஏற்பதில்லை. பட்டறைக்காரர்கள் சி.ஓ.டூ வெல்டிங் என்று சொல்லும் மிக் வெல்டிங்கே (காப்பு வாயுவின் நடுவே கம்பியை மின்சாரத்தால் உருக்கிப் பற்றவைக்கும் முறையே) இதற்குரியது, 0.6 அல்லது 0.8 மி.மீ. கம்பி போதும். முதலில் சிறுசிறு புள்ளிகளாகப் பிடித்துக்கொண்டு, கதவைப் பொருத்தி மூடிப்பார்த்து, இடைவெளி சரியாக இருந்தால் மட்டுமே மேலே தொடர வேண்டும். பிறகு ஓரிடத்தில் இரண்டு செ.மீ. பற்றவைத்தால் அடுத்ததை எதிர்முனையில் பற்றவைத்து, இப்படி இடம் மாறி மாறி இடைவெளிகளை நிரப்பி, கோடு முழுவதையும் மூட வேண்டும். தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்டிங் இருந்த மடிப்புகளில் மேல்தகட்டில் 8 மி.மீ. துளைகளை 3 அல்லது 4 செ.மீ. இடைவெளியில் போட்டு, அவற்றை வெல்டிங்கால் நிரப்பலாம். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் முகங்களில் வெல்டிங்கைத் தாங்கும் துத்தநாகப் பிரைமரை முன்கூட்டியே பூசிவிட வேண்டும். பின்னர் அந்த இடுக்குக்குள் எந்தப் பூச்சும் போகாது.

வெல்டிங் முடிந்த அன்றே பிரைமர் அடித்துவிடுவது நல்லது. கடலோர ஈரத்தில் திறந்த இரும்பு ஒரே இரவில் செம்மஞ்சளாகிவிடும். வழக்கமான ரெட் ஆக்சைடு தனியாக இதற்குப் போதாது. இரு பகுதிகளைக் கலந்து பூசும் எபாக்சி பிரைமர் வேண்டும். அது காய்ந்த பின் இணைப்புக் கோடுகள் எல்லாவற்றிலும் பாலியூரிதேன் சீலர், அதன் பிறகே சக்கரம் எறியும் கல்லுக்கு எதிரான அடிப்பூச்சு. கடைசியாக, பலரும் மறந்துவிடுகிற பகுதி: பெட்டிகளின் உள்புறம். வெல்டிங்கின் வெப்பம் உள்ளே இருந்த பூச்சை எரித்திருக்கும் என்பதால், நீண்ட குழாய்முனை கொண்டு வடிதுளைகள் வழியாகவும் ரப்பர் அடைப்புகளைக் கழற்றியும் மெழுகுப் பூச்சைப் பீய்ச்ச வேண்டும். துளையிலிருந்து மெழுகு சொட்டத் தொடங்கினால் உள்ளே போதுமான அளவு சேர்ந்துவிட்டது. சொட்டி முடிந்ததும் ஒரு கம்பியால் துளைகளைத் திறந்துவிட வேண்டும். வாட்டர் சர்வீஸ் கடைகளில் கடைசியில் அடித்துத் தரும் பழைய ஆயிலையும் டீசலையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை ரப்பர் புஷ்களை ஊதவைக்கின்றன, தூசியைப் பிடித்து அப்புகின்றன, முதல் மழையிலேயே ரோட்டுக்குப் போய்விடுகின்றன.

இவ்வளவும் எந்த வண்டிக்குத் தகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு ரன்னிங் போர்டும் தரையின் ஒரு பகுதியும் என்றால் தயங்காமல் செய்யலாம். ஏப்ரன் கிண்ணம் அரித்திருந்தால், அளவு பிடித்து வேலை செய்யத் தெரிந்தவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். அங்கே சில மில்லிமீட்டர் பிசகினாலும் சக்கரக் கோணம் கெடும். இருபக்க ரன்னிங் போர்டுகளும் ஏப்ரனும் பின் பிராக்கெட்டுகளும் ஒருசேரப் போயிருந்தால் அந்த உடலை விட்டுவிடுவதே சரி. தனியார் கார்களுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், அந்தக் கெடுவுக்குப் பல மாதங்கள் முன்பே வேலையை முடித்து ஓட்டிப் பார்த்துவிடலாம். சேஸ் எண் பொறித்த தகட்டின் பக்கம் மட்டும் கிரைண்டரும் பட்டியும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எண் மங்கினால் ஆய்வில் வரும் கேள்விகள் துருவைவிடத் தொல்லையானவை.

முதல் மழைக்காலம் முடிந்ததும், ஜனவரி வாக்கில், ரப்பர் அடைப்புகளைத் திறந்து உள்ளே விரலை விட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். விரலில் பிசுபிசுப்பான மெழுகு ஒட்டினால் அடைப்பை மூடிவிடலாம். ஈரமோ செம்பொடியோ ஒட்டினால் வடிதுளைகளையும் ஏசி குழாயையும் மறுபடி பார்த்துவிட்டு, உள்ளே உலர்ந்த பிறகு இன்னொரு சுற்று மெழுகு அடிக்க வேண்டும்.